நம் ரத்தத்துக்கு எந்த ஊர் எடைக்கல்?

ஒக்கலிபுரம் ரயில்வே பாலத்தை ஒட்டிய டீக்கடையில் சென்ற மாதம் ஒரு மாலை நேரத்தில் ஒரு வாக்குவாதம் நடந்தது. மூடிப்போன ஒரு மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்த பெரியவர் ஒருவர், இரண்டு காகிதங்களை மேஜை மேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே அவருடைய அக்காள் மகன். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா.

"இன்னாடா இது? ஒரே ஆளு, ஒரே ரத்தம். முந்தாநாள் குடுத்த எடத்துல ஆறு புள்ளி மூணு. நேத்து குடுத்த எடத்துல ஏழு புள்ளி ஒண்ணு. எனக்கு சர்க்கரை வியாதி இருக்கா, இல்லையா?"

"மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் வித்தியாசம் வரும், மாமா."

"கொஞ்சமா? ஒருத்தன் ஒண்ணும் இல்லைங்கறான். இன்னொருத்தன் மாத்திரை போடுங்கறான். அரிசி வாங்கினா தராசு முள்ளைப் பார்க்கிறேன். ரத்தம் குடுத்தா எதைப் பார்க்கிறது?"

மருமகனிடம் பதில் இல்லை. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அந்தச் சோதனையில் 6.5 என்பதுதான் எல்லைக்கோடு. அதற்கு இந்தப் பக்கம் ஒரு சீட்டு, அந்தப் பக்கம் ஒரு சீட்டு. ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடுவதா வேண்டாமா என்பது, எந்தக் கட்டடத்தின் படியை ஏறினார் என்பதைப் பொறுத்ததாகிவிட்டது!

கடைத் தராசின் கதை

கடைக்காரரின் எடைக்கல்லில் சர்க்கார் முத்திரை இருப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்த முத்திரைக்குப் பின்னால் ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. கடையிலுள்ள கல்லை இன்ஸ்பெக்டரிடமுள்ள கல்லோடு ஒப்பிடுகிறார்கள். இன்ஸ்பெக்டரின் கல்லை மாநிலத்தின் கல்லோடு ஒப்பிடுகிறார்கள். அப்படியே மேலே மேலே போனால், தில்லியிலுள்ள தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தில் போய் நிற்கும். பாரிஸ் நகருக்கு அருகிலுள்ள சர்வதேச அளவை நிலையம் இந்தியாவுக்குக் கொடுத்த 57-ஆம் எண் கிலோகிராம் அங்கேதான் இருக்கிறது. 2019 மே 20 முதல் கிலோவுக்கு உலோகக் கட்டி ஆதாரமல்ல, இயற்கையின் மாறாத எண் ஒன்றே ஆதாரம் என்று உலக நாடுகள் மாற்றிக்கொண்டுவிட்டன. ஆனாலும் கடைக்கல் வரை வரும் வரிசை அறுபடவில்லை.

இந்த வரிசை இல்லாத காலமும் இருந்தது. வீசையும் சேரும் படியும் ஊருக்கு ஊர் வேறுபட்ட கதையைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் நாடு முழுவதும் ஒரே அளவு படிப்படியாக வந்தது.

அளவு விஷயத்தில் பெங்களூருக்கு ஒரு பழைய சம்பந்தமும் உண்டு. இந்தியாவை அளந்த லாம்ப்டன் துரை தமது முதல் அடிக்கோட்டை 1800-ஆம் ஆண்டு இந்த ஊருக்கு அருகேதான் போட்டார். அவர் கையில் இருந்தது 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொண்டுபோன சாமான்களோடு போய், அங்கே வேண்டாம் என்று திரும்பி வந்த சங்கிலி அது! வெயிலில் எஃகு நீளும் என்பதால் மரப்பெட்டிக்குள் அதைக் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானி வைத்து அளந்தார்கள். பின்னர் இங்கிலாந்திலிருந்து இன்னொரு சங்கிலி வந்தது. வேலைக்கு ஒரு சங்கிலி, அது தேய்ந்து நீண்டுவிட்டதா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சங்கிலி. அந்த இரண்டாவது சங்கிலியின் அருமை, தண்டவாள இணைப்பில் இடைவெளி விடும் காங்மேனுக்குச் சொல்லாமலே புரியும்.

ரத்தப் பரிசோதனைக்கும் அந்த இரண்டாவது சங்கிலி உண்டு. அளவு ஏற்கெனவே தெரிந்த ஒரு மாதிரி ரத்தத்தை முதலில் மெஷினில் கொடுத்து, சரியான எண் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் நம் ரத்தத்தைக் கொடுக்க வேண்டும். அப்படி ஒழுங்காகச் செய்யும் கூடங்களுக்குத் தேசிய அங்கீகார வாரியம் சான்றிதழ் தருகிறது. ஆனால் அந்தச் சான்றிதழை ஒவ்வொரு கூடமும் வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எடைக்கல்லுக்கு இருக்கும் கண்டிப்பு ரத்தத்துக்கு இல்லை என்பது ஆச்சரியந்தான்.

புட்டியில் அடைத்த மரபணு

சர்க்கரை அளவுக்கே இந்தப் பாடு என்றால், மனிதனின் மரபணுத் தொகுதி முழுவதையும் படிக்கும் இன்றைய மெஷின்களுக்கு எதை வைத்து ஒப்பிடுவது? ஒரு மனிதனுடைய தொகுதியில் 300 கோடிக்கு மேற்பட்ட எழுத்துக்கள் இருக்கின்றன. ஆயிரத்துக்கு ஓர் எழுத்தைத் தப்பாகப் படித்தாலும் தப்புக்கள் 30 லட்சம் ஆகிவிடும்.

அமெரிக்காவின் தேசிய அளவை நிலையம் இதற்கு ஒரு வழி செய்தது. ஒரு பெண்மணியின் மரபணுப் பொருளைப் பல மெஷின்களில், பல முறைகளில் திரும்பத் திரும்பப் படித்து, எழுத்தெழுத்தாக உறுதி செய்துகொண்டது. பிறகு அந்தப் பொருளையே சிறு குப்பிகளில் அடைத்து 2015-இல் விற்பனைக்கு விட்டது. திட்டத்தின் பெயரே 'புட்டிக்குள் ஜீனோம்'. உலகின் எந்த மூலையிலுள்ள கூடமும் அந்தக் குப்பியை வாங்கித் தன் மெஷினில் படித்துப் பார்த்து, தன் தப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளலாம். இதுதான் மரபணு உலகின் முத்திரை போட்ட எடைக்கல்.

மெஷின் சரியாகப் படிப்பது ஒரு பாதிதான். மெஷின் ஒரே மூச்சில் 300 கோடி எழுத்தையும் படிப்பதில்லை. சுமார் 150 எழுத்து கொண்ட துண்டு துண்டாகத்தான் பெரும்பாலும் படிக்கிறது. பிறகு கம்ப்யூட்டர் அந்தத் துண்டுகளை, ஏற்கெனவே கோத்து வைத்த ஒரு மூலப்பிரதியோடு ஒட்டிப் பார்த்து இடம் சொல்கிறது. கிழிந்துபோன ரயில்வே டைம்டேபிளை, கிழியாத ஒரு டைம்டேபிளை வைத்துக்கொண்டு ஒட்டுவது போல. கிழியாத பிரதி வேறு மண்டலத்தினுடையது என்றால்? இரண்டிலும் உள்ள ஸ்டேஷன்கள் ஒட்டிக்கொள்ளும். அதில் இல்லாத ஸ்டேஷன் உள்ள துண்டு குப்பைக்கூடைக்குப் போகும்.

அந்த மூலப்பிரதி யாருடையது? 1997 மார்ச் மாதம் அமெரிக்காவின் பஃபலோ நகரப் பத்திரிகை ஒன்றில், ரத்தம் கொடுக்கத் தொண்டர்கள் தேவை என்று விளம்பரம் வந்தது. அதைப் பார்த்துப் போனவர்களில் பெயர் தெரியாத ஓர் ஆணின் மரபணுவே, 2003-இல் முடிந்த உலக மூலப்பிரதியில் ஏறக்குறைய 70 சதவீதம்! அதில் விட்டுப்போன இடங்களை 2022-இல்தான் நிரப்பினார்கள். ஒரே ஆளை மூலமாக வைப்பது சரியல்ல என்று, பல நாட்டு மூதாதையர் வழிவந்த 47 பேருடையதைச் சேர்த்து 2023-இல் புதிய வரைவு ஒன்றை வெளியிட்டார்கள்.

தமிழர்கள் இந்தக் கணக்கில் எங்கே இருந்தார்கள் என்று கேட்டால் வேடிக்கையாக இருக்கும். 2015-இல் முடிந்த ஆயிரம் ஜீனோம் திட்டத்தில் 26 மக்கள் கூட்டங்களைச் சேர்ந்த 2,504 பேர் இடம்பெற்றார்கள். அதில் தமிழர் என்ற பெயரில் இருந்தவர்கள் சுமார் 100 பேர். மதுரைக்காரர்களா, கோவைக்காரர்களா? இல்லை. பிரிட்டனில் குடியேறிய இலங்கைத் தமிழர்கள்! ஊரை விட்டுப் போனவர்கள்தான் ஊருக்குச் சாட்சியாக நின்றிருக்கிறார்கள். 2019-இல் வெளிவந்த சிங்கப்பூர் ஆராய்ச்சி ஒன்றிலும் அந்நாட்டு இந்தியர்கள் 1,127 பேர் இருந்தார்கள்.

மயக்க மருந்து தந்த பாடம்

இதெல்லாம் விஞ்ஞானிகள் விவகாரம், நமக்கென்ன என்று நினைத்துவிடக் கூடாது. ஆபரேஷன் மேஜையில் உயிர் ஊசலாடும் விஷயம் இது.

மூச்சுக்குழாய் பொருத்துவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் சக்சினில்கோலின் என்ற ஊசி மருந்து உண்டு. சாதாரணமாகச் சில நிமிஷங்களில் ரத்தத்திலுள்ள ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும், நோயாளி தானாக மூச்சு விடத் தொடங்கிவிடுவார். அந்த நொதி குறைவாக உள்ளவருக்குத் தசை மணிக்கணக்கில் அசையாது. செயற்கைச் சுவாசம் கொடுத்துக்கொண்டே காத்திருக்க வேண்டும். தென்னிந்தியாவிலுள்ள ஆரிய வைசிய சமூகத்தில் இந்தக் குறை மற்றவர்களைக் காட்டிலும் பன்மடங்கு அதிகம். விஷயம் தெரிந்த மயக்க மருந்து டாக்டர்கள் அதனால்தான் ஊசி போடும் முன் நோயாளியின் சமூகத்தை விசாரிக்கிறார்கள். ஜாதி கேட்கிறாரே என்று கோபப்பட்டு எழுந்து போனால் நஷ்டம் யாருக்கு?

காரணம் எளிது. சில நூறு பேரிலிருந்து பெருகிய ஒரு கூட்டம் பல தலைமுறை தனக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தால், அந்த முதல் சில பேரில் ஒருவருக்கு இருந்த அபூர்வக் குறைகூட ஊரெங்கும் பரவிவிடுகிறது. 2017-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று தெற்காசியாவில் 260-க்கும் மேற்பட்ட கூட்டங்களைப் பார்த்தது. அவற்றில் 81 கூட்டங்களில் இந்தப் பிடிப்பு, இதற்கு உலகப் புகழ் பெற்ற பின்லாந்துக்காரர்களையும் ஐரோப்பிய யூதர்களையும் விட அதிகமாக இருந்தது. அத்தை மகளையும் மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டும் நம் பழக்கம் இதற்கு மேல் தனி.

இருதய விஷயமும் இருக்கிறது. மதுரைக் காமராஜர் பல்கலைக்கழகத்தில் பயின்ற தண்டபாணி, ஹைதராபாத் ஆய்வு நிலையத்தின் தங்கராஜ் முதலியோர் 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இது. இருதயத் தசைக்கான ஒரு மரபணுவில் 25 எழுத்துக்கள் விடுபட்டிருப்பது இந்தியத் துணைக்கண்டத்தில் நூற்றுக்கு சுமார் 4 பேரிடம் காணப்படுகிறது என்று அவர்கள் கண்டார்கள். நடுவயது தாண்டிய பிறகு இருதயம் பலவீனமடையும் அபாயத்தை இது கூட்டுகிறது. (இது இருந்தாலே நோய் வந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை.) மற்றக் கண்டங்களில் இது இல்லையென்றே சொல்லலாம். வெளிநாட்டுப் பட்டியலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணில் பட்டிருக்கவே பட்டிருக்காது.

டாட்டா இன்ஸ்டிடியூட்டில்

இந்தக் குறையைப் போக்கும் வேலைக்குத் தலைமை தாங்கியது ஒக்கலிபுரத்திலிருந்து மல்லேஸ்வரத்தைத் தாண்டினால் வரும் இடந்தான். பழைய பெங்களூர்வாசிகள் டாட்டா இன்ஸ்டிடியூட் என்று சொல்லும் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் வளாகத்தில் மூளை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 2020 ஜனவரியில் மத்திய சர்க்கார் அனுமதித்த 'ஜீனோம் இந்தியா' திட்டத்தில் 20 நிறுவனங்கள் சேர்ந்து உழைத்தன. சுமார் 20,000 பேரிடம் ரத்தம் எடுத்தார்கள். அவற்றில் 10,000 பேருடையதை முழுமையாகப் படித்து முடித்ததாக 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். நரஹரியும் முன்பே சொன்ன தங்கராஜும் கூட்டு ஒருங்கிணைப்பாளர்கள். ரத்த மாதிரிகள் இங்கே பெங்களூரில் பத்திரமாக இருக்கின்றன. படித்தெடுத்த விவரம் ஃபரீதாபாத்திலுள்ள தேசியத் தரவு மையத்தில் சேர்க்கப்பட்டு, 2025 ஜனவரி 9-இல் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

2025 ஏப்ரலில் வெளிவந்த முதல் அறிக்கையில் 9,772 பேரின் கணக்கு இருக்கிறது. 83 மக்கள் கூட்டங்கள். அவற்றில் 30 பழங்குடிகள். மூலப்பிரதியிலிருந்து மாறுபடும் இடங்கள் மொத்தம் 18 கோடி!

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது பஃபலோ பிரதியைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுதிய புதிய மூலப்பிரதி அல்ல. அந்தப் பிரதியை வைத்துக்கொண்டே, எந்த எழுத்து மாற்றம் நம் மக்களில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று போட்ட பேரேடு. அதுவே பெரிய உபகாரம். நோயுற்ற குழந்தை ஒன்றிடம் ஓர் எழுத்து மாற்றத்தைக் காணும் டாக்டர், உலகப் பட்டியலில் அது அபூர்வம் என்று கண்டு அதன் மேல் பழி போடுவார். நம் பேரேட்டைப் புரட்டினால் அதே மாற்றம் ஆரோக்கியமான ஆயிரம் பேரிடம் இருக்கும். பழியும் மாறும், வைத்தியமும் மாறும்.

இதே மையத்தார் கோலார் மாவட்டம் ஸ்ரீநிவாசபுரம் கிராமங்களில் 45 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பல வருஷமாகத் தொடர்ந்து பரிசோதித்து வருகிறார்கள். ஞாபகசக்திச் சோதனைகள் பலவும் படித்தவர்களுக்காகச் செய்யப்பட்டவை. பென்சிலே பிடித்திராத கையைப் படம் வரையச் சொல்லி, வரையவில்லை என்பதற்காக மூளைக் கோளாறு என்று எழுதலாமா? அங்கேயும் நம் ஊர் அளவுகோல் தேவைப்படுகிறது.

குறை இல்லாமலில்லை. இந்திய மானுடவியல் ஆய்வுத்துறை எண்ணிய சமூகங்கள் 4,600-க்கு மேல். எடுத்ததோ 83. வேலூரிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பிழைக்க வந்து மூன்று தலைமுறையாகக் கர்நாடகத்தில் இருந்துகொண்டு, கல்யாணத்துக்கு மட்டும் ஊருக்குப் போய்ப் பெண் எடுக்கும் குடும்பங்களை எந்தப் பக்கத்தில் எழுதுவது? மாநில எல்லை ரேஷன் கார்டுக்கு உண்டு, ரத்தத்துக்கு இல்லை. இன்னொரு கவலையும் நியாயமானதே. ஜாதிவாரியாக நோய்க் கணக்கு எடுத்தால், நாளைக்கு யாராவது அதைக் கல்யாணச் சந்தையிலோ வேலை கொடுக்குமிடத்திலோ காட்டிப் பேச மாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? விவரம் கேட்டு விண்ணப்பிக்கும் ஆராய்ச்சியாளருக்கே கிடைக்கும் என்று விதி இருக்கிறது. விதி நன்றாகத்தான் இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் அதைத் தமிழிலோ கன்னடத்திலோ நிதானமாக வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது ரத்தம் கொடுப்பவரின் உரிமை.

டீக்கடைப் பெரியவர் இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். டாக்டர் இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் கண் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்தால் மூன்று மாதச் சர்க்கரை எண் உள்ளதை விடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்றார். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து அங்கீகாரச் சான்றிதழ் உள்ள ஒரே கூடத்தில் மறுபடியும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

"சான்றிதழ் எங்கே மாட்டியிருப்பான்?" என்று கேட்டாராம் பெரியவர்.

"ரிப்போர்ட் தலைப்பிலேயே போட்டிருப்பான், மாமா. நான் கூட வரேன்" என்றிருக்கிறார் மருமகன்.