அப்பா ஆவடி வீட்டை விக்கப் போறாரா? பத்திரம் பதியறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க

அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி டாங்கி ஃபேக்டரி ரெண்டுமே 1960-களில் வந்தவை. அங்கே வேலை பார்த்தவங்க 80-களில் திருமுல்லைவாயல், பட்டாபிராம், பூந்தமல்லி பக்கம் அரை கிரவுண்ட், ஒரு கிரவுண்ட் வாங்கிப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமா வீடு கட்டினாங்க. இப்போ அவங்களுக்கு 65, 70 வயசு. மாடிப்படி ஏற முடியல. பிள்ளைகள் ஓ.எம்.ஆர். பக்கம் செட்டில் ஆயாச்சு. "வித்துடலாமா?"ன்னு பேச்சு வந்ததும், வீட்டுல சம்பளம் வாங்கற நீங்கதான் கணக்குப் போடணும்னு எதிர்பார்ப்பாங்க.

வீடியோவில இந்தக் கணக்கை முழுசா காட்ட நேரம் பத்தாது. இங்கே நிதானமா பார்க்கலாம்.

முதல்ல வாங்கின விலை. 1986-ல 30,000 ரூபாய்க்கு வாங்கின மனைன்னா, அதைத்தான் அடக்க விலையா காட்டணும்னு நிறைய பேர் நினைக்கறாங்க. தேவையில்லை. 2001 ஏப்ரல் 1-க்கு முன்னாடி வாங்கின சொத்துக்கு, அந்தத் தேதியில இருந்த சந்தை மதிப்பை அடக்க விலையா எடுத்துக்கலாம். ஒரே நிபந்தனை, அது அன்னைக்கு இருந்த அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. சார்பதிவாளர் அலுவலகத்துல 2001 வழிகாட்டி மதிப்பைக் கேட்டு வாங்கி, பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்கிட்ட ஒரு அறிக்கை வாங்கி வச்சுக்கோங்க. வீடும் 2001-க்கு முன்னாடி கட்டினதுன்னா கட்டடத்தோட மதிப்பையும் அதுல சேர்க்கச் சொல்லுங்க. இந்த ஒரு பேப்பர் லட்சக்கணக்குல மிச்சப்படுத்தும்.

அடுத்து வரி விகிதம். 2024 ஜூலை 23-க்கு முன்னாடி வாங்கின வீடு, மனைக்கு ரெண்டு வழி இருக்கு. பணவீக்கத்துக்காக அடக்க விலையை ஏத்தாம 12.5% கட்டலாம், அல்லது ஏத்தி 20% கட்டலாம். எது குறைவோ அது. 2025-26-ல விக்கறவங்களுக்குப் பணவீக்கக் குறியீடு 376. அதாவது 2001 மதிப்பை 3.76-ஆல பெருக்கணும்.

ஒரு உதாரணம். 2001 மதிப்பு 7 லட்சம், இப்போ விக்கற விலை 80 லட்சம்.

12.5% வழியில லாபம் 73 லட்சம், வரி 9,12,500. 20% வழியில அடக்க விலை 26.32 லட்சமா ஏறும், லாபம் 53.68 லட்சம், வரி 10,73,600. (செஸ், சர்சார்ஜ் சேர்க்கல. மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினா சர்சார்ஜ் தனியா வரும்.)

அப்போ 12.5%தானே நல்லதுன்னு முடிவு பண்ணிடாதீங்க. பலர் இங்கேயே நிறுத்திடறாங்க. வரி விலக்கைக் கழிச்ச பிறகுதான் ரெண்டையும் ஒப்பிடணும்.

ஆர்.இ.சி., பி.எஃப்.சி., ஐ.ஆர்.எஃப்.சி. மாதிரி நிறுவனங்களோட 54 இ.சி. பாண்டு இருக்கு. வித்த தேதியில இருந்து 6 மாசத்துக்குள்ள 50 லட்சம் வரைக்கும் போடலாம், அந்த அளவு லாபத்துக்கு வரி இல்லை. அதைப் போட்டா 12.5% வழியில மிச்சம் 23 லட்சம், வரி 2,87,500. 20% வழியில மிச்சம் வெறும் 3.68 லட்சம், வரி 73,600. தோத்துப் போன வழி இப்போ ஜெயிச்சிடுச்சு! வரி 9 லட்சத்துல இருந்து முக்கால் லட்சத்துக்கு வந்தாச்சு. மிச்சம் சுமார் 8.4 லட்சம்.

ஆனா அந்த பாண்டுக்கு வட்டி 5.25%தான், அதுக்கும் வரி உண்டு. 5 வருஷம் எடுக்க முடியாது, அடமானமும் வைக்க முடியாது. வட்டியும் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். அதனால அப்பா அம்மாவோட மாச வருமானம் என்ன ஆகும்னு பார்க்காம இதுல கை வைக்காதீங்க.

அவங்க உங்க கூட வந்து தங்கப் போறாங்க, ரெண்டு பேருக்கும் 60 தாண்டிடுச்சுன்னு வச்சுக்குவோம். பாண்டு வேண்டாம்னு வரியைக் கட்டிட்டா கையில 70.87 லட்சம். போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்துல ஒருத்தருக்கு 30 லட்சம் வரை போடலாம், இப்போ வட்டி 8.2%. ரெண்டு பேர் பேர்ல 60 லட்சம் போட்டா, மூணு மாசத்துக்கு ஒரு தடவை வர்றதைப் பிரிச்சுப் பார்த்தா மாசம் 41,000. மீதியில 10.8 லட்சத்தை 7.4% தர்ற போஸ்ட் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்துல போட்டா இன்னும் 6,660. மொத்தம் சுமார் 47,600.

பாண்டு போட்டா? 50 லட்சத்துக்கு வட்டி மாசக் கணக்குல 21,875. மிச்சத்துல 29 லட்சத்தை சீனியர் சிட்டிசன் திட்டத்துல போட்டா 19,800. மொத்தம் சுமார் 41,700.

ஆக, பாண்டு போட்டா மாசம் 6,000 ரூபாய் குறையும், 5 வருஷத்துக்கு 3.6 லட்சம். பதிலுக்கு முதல்ல 8.4 லட்சம் அதிகமா நிக்கும். என் கருத்து: அந்த 6,000-ஐ 5 வருஷம் நீங்க சம்பளத்துல இருந்து கொடுக்க முடிஞ்சா பாண்டு போடுங்க. முடியாது, அவங்களுக்கு வேற பென்ஷனும் இல்லைன்னா, வரியைக் கட்டிட்டு நிம்மதியா இருக்கறதும் தப்பில்லை. மருத்துவச் செலவுக்குத் திடீர்னு பணம் தேவைப்படும்னா இதை இன்னும் அழுத்திச் சொல்வேன்.

வரி வராம இருக்க இன்னொரு வீடு வாங்கிடுங்கன்னு புரோக்கர் சொல்வார். வித்ததுக்கு ஒரு வருஷம் முன்னாடியோ, ரெண்டு வருஷத்துக்குள்ளயோ வீடு வாங்கினா, அல்லது மூணு வருஷத்துக்குள்ள கட்டினா, விலக்கு கிடைக்கறது உண்மைதான். அவங்களே குடியிருக்க லிஃப்ட் வச்ச சின்ன ஃபிளாட்னா தாராளமா வாங்கலாம். வரியை மிச்சப்படுத்தறதுக்காக மட்டும் 50 லட்சத்தை ஃபிளாட்ல போட்டா, அது மாசாமாசம் சோறு போடாது. பத்திரம் அப்பா பேர்லயே, அதாவது வித்தவர் பேர்லயே இருக்கட்டும். உங்க பேர்ல வாங்கினா விலக்குக்குச் சண்டை போட வேண்டி வரலாம்.

கொஞ்சம் சங்கடமான விஷயம் ஒண்ணு. அந்தப் பணத்துல 15 லட்சம் எடுத்து உங்க ஃபிளாட்டுக்கு டவுன் பேமென்ட் கட்டலாம்னு மனசுல ஓடும். அப்பா பிள்ளைக்குக் கொடுத்தா வரி இல்லை, சட்டமும் தடுக்காது. ஆனா 15 லட்சம்னா 8.2% கணக்குல அவங்களுக்கு மாசம் 10,250 ரூபாய் போகும். அதை நீங்க மாசாமாசம் கொடுப்பீங்களான்னு முதல்ல உங்களையே கேட்டுக்கோங்க.

"பத்திரத்துல கம்மியா காட்டிக்கலாம், மீதியைக் கேஷா தர்றேன்"னு வாங்கறவர் சொன்னா எழுந்து வந்துடுங்க. கேஷுல வாங்கின பணத்தை பாண்டுலயும் போட முடியாது, போஸ்ட் ஆபீஸ்லயும் கேள்வி வரும். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ கேஷா வாங்கினா, வாங்கின தொகை அளவுக்கே அபராதம் போடலாம். வழிகாட்டி மதிப்புக்குக் கீழ பதிஞ்சாலும், வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினா, வழிகாட்டி மதிப்பை வச்சுதான் வரி போடுவாங்க.

வீடு தாத்தா பேர்ல இருந்து, உயில் இல்லாம வந்திருந்தா கதை வேற. அத்தைகளுக்கும் சம பங்கு உண்டு. வாரிசுச் சான்றிதழ்ல இருக்கற எல்லாரும் கையெழுத்துப் போடணும். இதுல ஒரு நல்லதும் இருக்கு: லாபம் பங்குதாரர்களுக்குப் பிரியும், 50 லட்சம் பாண்டு வரம்பும் ஆளுக்குத் தனித்தனி. ஆனா அமெரிக்காவுல செட்டில் ஆன சித்தப்பாவுக்கு அந்த 20% வழி கிடையாது. அவர் பங்குக்கு டி.டி.எஸ். விதியும் வேற.

வில்லங்கச் சான்றிதழை இப்பவே போட்டுப் பாருங்க. 90-களில் வாங்கின வீட்டுக் கடனை அடைச்சிருப்பார், ரசீதைப் பதியாம விட்டிருப்பார், அடமானம் அப்படியே நிக்கும். விலை 50 லட்சமோ அதுக்கு மேலயோ இருந்தா வாங்கறவர் 1% டி.டி.எஸ். பிடிப்பார். அப்பாவோட பான் ஆதாரோட இணையலைன்னா அது 20% ஆயிடும், 80 லட்சத்துக்கு 16 லட்சம். அதை ரீஃபண்டு வாங்கறதுக்குள்ள பாண்டு போட வேண்டிய 6 மாசமும் போயிடும். அட்வான்ஸ் வாங்கறதுக்கு முன்னாடியே பானை இணைச்சு வச்சிடுங்க.