யந்திரமும் பயிற்சியும்

செஞ்சிக்குச் செல்வோர் ராஜகிரியின் உச்சியை அண்ணாந்து பார்த்தவுடன் முதலில் நினைப்பது தேசிங்குராஜனையன்று, தம் முழங்கால்களையே. ஏறக்குறைய 800 அடி உயரமுள்ள அக்குன்றில் ஏறி இறங்கினவன் மறுநாட் காலையில் திண்ணையினின்று எழுவதற்குத் தூணைப் பற்றுகிறான். ஒருவன் தைலம் பூசுவான். ஒருவன் ஒத்தடம் கொடுப்பான். மற்றொருவன் விழுப்புரம் சென்று மின்சார யந்திரத்தின் கீழ்க் காலை நீட்டுவான். நான்கைந்து நாட்களில் மூவரும் குணமடைந்து, தத்தம் வைத்தியத்தையே புகழ்வர். யாதொன்றும் செய்யாது வீட்டிலிருந்த நாலாமவனும் அதே நாளில் எழுந்து நடந்தமையை ஒருவரும் விசாரிப்பதில்லை.

அவனை விசாரிப்பதே விஞ்ஞானப் பரீட்சையாகும். நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரு வகுப்பாகப் பிரிப்பர். ஒரு வகுப்பாருக்கு மெய்யான சிகிச்சையும், மற்றவருக்கு அதனைப் போலவே தோன்றும் போலிச் சிகிச்சையும் அளிப்பர். தமக்குக் கிடைத்தது எது என்பதை நோயாளிகள் அறியார். வலியை அளந்து குறிப்பவரும் அறியார். செவிக்கெட்டாத ஒலியலைகளைத் தசையிற் செலுத்தும் யந்திரம் இவ்வகைப் பரீட்சைக்கு மிகவும் ஏற்றது. அது முடுக்கப்பட்டிருக்கிறதா என்பதைக் காது சொல்லாதன்றோ! 1975 முதல் 1999 வரை வெளிவந்த இத்தகைய பரீட்சைகள் 35ஐ ராபர்ட்ஸன், பேக்கர் என்னும் இருவர் ஆராய்ந்து 2001இல் முடிவை வெளியிட்டனர். செம்மையாக நடத்தப்பட்டவை பத்தே. அப்பத்தினுள்ளும் மெய்யந்திரம் போலியந்திரத்தை வென்றவை இரண்டுதான். கூலி நாளை இழந்து, பஸ் கட்டணமும் கொடுத்து, பத்து நாட்கள் அந்த யந்திரத்தை நாடிச் செல்லும் உழவனுக்கு இஃது அற்பச் செய்தியன்று.

மூட்டுத் தேய்வினால் உண்டாகும் நாட்பட்ட முழங்கால் வலி வேறு வகையைச் சேர்ந்தது; அது நான்கு நாளில் நீங்காது. அதற்கு உடற்பயிற்சி பயன்படுமா என்று 54 பரீட்சைகளைத் தொகுத்துக் காக்ரேன் நிறுவனத்தார் 2015இல் ஆராய்ந்தனர். தொடைத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி முதலியவற்றால் வலி ஓரளவு தணிகிறது. நடமாட்டமும் சீர்ப்படுகிறது என்று கண்டனர். நாற்காலியினின்று கை ஊன்றாமல் பன்முறை எழுந்து அமர்வதற்குக் காசு வேண்டுவதில்லை. ஆயினும் ஒன்று கூறவேண்டும்: போலி யந்திரம் செய்யலாம், போலிப் பயிற்சி செய்வது அரிது. தான் பயிற்சி செய்வதை நோயாளி அறிவான். ஆதலின் இப்பயனில் நம்பிக்கையின் பங்கும் சிறிது கலந்திருக்கலாம். (செஞ்சிக் கீழ்க்கோட்டையிலும் உடற்பயிற்சிக்கூடம் என்று காட்டப்படும் கட்டடம் ஒன்று உண்டு. மலையேறுமுன் அதைப் பார்ப்பவர் சிலரே.)

அங்ஙனமாயின், நோயாளி தானே உடலை இயக்கும் முறைகள் யாவும் பலிக்குமோ எனின், அதுவும் இல்லை. பாரிசவாயுவினால் கைகால் விழுந்தவருக்கு வீட்டாரே பயிற்சி அளிக்கலாம் என்பது நம் நாட்டிற்கு மிகப் பொருத்தமான யோசனையாகத் தோன்றிற்று. சிற்றூர்களில் இயன்முறை வைத்தியர் அரியர். குடும்பமோ அருகிலேயே இருக்கிறது. லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜெயராஜ் பாண்டியன் முதலானோர் இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு இதனைப் பரீட்சித்தனர். முடிவு 2017இல் வெளிவந்தது. ஆறு மாதங்களுக்குப் பின், வழக்கமான சிகிச்சையோடு குடும்பத்தாரின் பயிற்சியையும் பெற்றவருள் 607 பேரில் 285 பேர் இறந்தோ பிறர் உதவியின்றி வாழவியலாதோ இருந்தனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவருள் 605 பேரில் 287 பேர் அந்நிலையில் இருந்தனர். இரண்டும் நூற்றுக்கு 47.

இப்பரீட்சை நடவாதிருப்பின், அம்முறை நன்மையே என்று நம்பி ஊர்தோறும் பரப்பியிருப்போம். அதற்காக வீடுதோறும் ஒரு மனைவியோ மருமகளோ அடுப்பையும் வயலையும் விட்டு நாள்தோறும் நோயாளியின் கட்டிலருகே அமர்ந்திருப்பாள்.