பழையதை மறவாத யந்திரம்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடைபெறும் மண்டபத்துக்குள் முதன்முறையாக நுழைகிறவர் காதில் கூவல் எதுவும் விழாது. வரிசையாகப் போடப்பட்ட மேஜைகளும், மேஜைதோறும் ஒரு கம்ப்யூட்டரும், அதன் முன் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கும் வியாபாரிகளுமாகக் காட்சி தரும் அந்த இடத்தில், கைக்கு வந்த மாதிரிக் காயை நகத்தால் பிளந்து, உள்ளே விதை கறுத்துப் பிசுபிசுப்பாக இருக்கிறதா என்று பார்த்து, மறுகணமே திரையில் ஏறும் விலையின்மேல் பார்வையைத் திருப்புகிற லாகவம் ஒன்றுதான் இது பரம்பரைத் தொழில் என்பதை நமக்கு உணர்த்தும். குரல் கொடுத்து விலை ஏற்றிய பழைய முறையை மாற்றி, நறுமணப் பொருள் வாரியம் 2007-இல் போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புத்தடியிலும் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. பிற்பாடு இவ்விரண்டு ஊர்களையும் இணையத்தின் வாயிலாக ஒரே ஏலத்தில் பிணைக்கவும் ஏற்பாடு செய்தது.

போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிப் போடிமெட்டுச் செக்போஸ்டைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறை என்று விரியும் ஏலத்தோட்டங்களுக்குள் போனாலும் கம்ப்யூட்டர் நம்மை விடுவதில்லை. ஸ்டோரில் உலர்ந்து, சலித்துத் தரம் பிரிக்கப்பட்ட மூட்டை ஜீப்பில் ஏறுமுன் அதன் எடையும், பறித்தவர்களின் கூலியும், ஜி.எஸ்.டி. பில்லும் ஏதேனும் ஒரு கம்ப்யூட்டரில் பதிவாகிவிடுகின்றன. அந்தக் கம்ப்யூட்டர் ஒரு காலைப் பொழுதில், முந்தின நாள் மாலை வரை செய்துவந்த காரியத்தைச் செய்ய மறுக்குமானால், அதற்குக் காரணம் பல சமயங்களில் இரவோடு இரவாக அதற்குள் குடிபுகுந்த அப்டேட்டாக இருக்கும்.

அந்தக் காலைப் பொழுது புதன்கிழமையாக இருப்பதற்கும் ஒரு நியாயம் உண்டு. விண்டோஸைத் தயாரிக்கும் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2003 அக்டோபர் முதற்கொண்டு தன் பாதுகாப்புத் திருத்தங்களை மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையன்று, அமெரிக்க மேற்குக் கரையின் காலை பத்து மணிக்கு வெளியிடுவதை வழக்கமாகக் கொண்டிருக்கிறது. நம் கடிகாரத்தில் அப்போது, பருவத்துக்குத் தக்கபடி, இரவு பத்தரையோ பதினொன்றரையோ ஆகியிருக்கும்; ஆகவே அமெரிக்கருடைய செவ்வாய்தோஷம் நம்மை வந்து பிடிப்பது பெரும்பாலும் புதனன்றுதான்.

தோஷம் எத்தகையது என்பதற்கு 2021 மார்ச் 9-ஆம் தேதி வெளியான விண்டோஸ் 10 அப்டேட் நல்ல உதாரணம். கேபி5000802 என்ற எண்ணைத் தாங்கிவந்த அது, பாதுகாப்புக் குறைகள் பலவற்றை நிவர்த்தி செய்யவே வந்தது. ஆனால் கியோசெரா, ரிக்கோ, ஸீப்ரா ஆகிய நிறுவனங்களின் பிரிண்டர்கள் சிலவற்றோடு இணைந்த கம்ப்யூட்டர்களில், அச்சிடும்படி கட்டளையிட்டதுமே திரை நீலமாகி, கம்ப்யூட்டர் நின்றுபோயிற்று. திருத்தத்துக்கு ஒரு திருத்தம் மார்ச் 15-இல் வந்து சேர்ந்தது. இடைப்பட்ட நாட்களில் பில் போட்டே தீரவேண்டியிருந்தவர்கள் பலர் கண்ட நிவாரணம், வந்த அப்டேட்டை வெளியேற்றுவது.

வெளியேற்றுவது என்றவுடன், வேண்டாத கோப்பை அழிப்பதுபோல ஒரு காரியம் என்று சாமானியர் எண்ணுவது இயல்பு. அப்படி அழித்தால் அங்கே வெற்றிடமே மிஞ்சும். இயங்குதளத்தின் ஓர் அங்கம் இல்லாத கம்ப்யூட்டர் இயங்காது. உண்மையில் நடப்பது வேறு. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘விண்எஸ்எக்ஸ்எஸ்’ என்று வாயில் நுழையாத பெயருடன் ஒரு ஃபோல்டர் இருக்கிறது. இயங்குதளத்தின் அங்கங்கள் யாவும், அவற்றின் புதிய பதிப்புகளும் முந்தைய பதிப்புகளும், தனித்தனி உட்பிரிவுகளாக அதற்குள் சேமிக்கப்பட்டிருக்கின்றன. விண்டோஸ் அன்றாடம் எடுத்துப் பயன்படுத்தும் ‘சிஸ்டம்32’ ஃபோல்டரில் நாம் காணும் கோப்புகளிற் பல, தனிப் பிரதிகளே அல்ல. அந்தச் சேமிப்பில் கிடக்கும் அதே தரவுக்குச் சூட்டப்பட்ட இரண்டாவது பெயர்கள். இதனை ஹார்டு லிங்க் என்பார்கள். புதிய அப்டேட் வரும்போது புதிய பதிப்பு சேமிப்பில் வைக்கப்படுகிறது, பெயர் அதற்கு மாற்றிக் கட்டப்படுகிறது. பழைய பதிப்போ பெயர் இழந்த நிலையில் அங்கேயே இருந்துவருகிறது. அப்டேட்டை அகற்றும்படி நாம் கேட்கும்போது, பெயரைப் பழைய பதிப்புக்கே திருப்பிக் கட்டுவதுதான் விண்டோஸ் செய்கிற வேலை. பழையது பத்திரமாக இருக்கும் மட்டுமே பூர்வ ஸ்திதிக்குத் திரும்ப முடியும் என்பது இதிலிருந்து பெறப்படும். அந்த ஃபோல்டர் பல ஜி.பி. இடத்தை விழுங்குவதாகத் திரையில் கண்டு, ஒரே பொருளை இரு பெயர்களில் இருமுறை எண்ணிய மிகைக்கணக்கு அது என்பதை அறியாமல், கைவைத்து அழிக்க முற்படும் கெட்டிக்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களை மௌஸின் பக்கம் அண்டவிடாமல் இருப்பது க்ஷேமம்.

உபயோகத்தில் இருக்கும் கோப்பின் பெயரை, கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றிக் கட்ட இயலாது. ஆதலால் செய்யவேண்டியவை ஒரு ஜாபிதாவாக எழுதி வைக்கப்பட்டு, கம்ப்யூட்டர் அணைந்து மீண்டும் எழும் இடைவேளையில் நிறைவேற்றப்படுகின்றன. திரையில் சதவீதம் மெல்ல ஏறுவது அந்த நேரத்தில்தான். மழைக்காலத்தில் மரம் சாய்ந்து கம்பி அறுந்து மலைச்சரிவு முழுவதும் மின்சாரம் போவது சர்வசாதாரணம். அப்படி நடுவே நின்றுபோனாலும், அடுத்த முறை எழும்போது அந்த ஜாபிதாவைப் பார்த்து, வேலையை முடிக்கவோ தொடங்கியதை விலக்கிக்கொள்ளவோ விண்டோஸ் முயலும். ஆனால் பொறுமையிழந்து நாமாகவே பவர் பட்டனை அழுத்தி அந்தச் சாமர்த்தியத்தைப் பரீட்சை செய்து பார்க்க வேண்டியதில்லை.

அகற்றும் வழி சுலபமானது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குச் சென்று, அப்டேட் ஹிஸ்டரியைத் திறந்து, ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ என்பதை அழுத்தினால், வந்து அமர்ந்தவை தேதியோடும் கேபி எண்ணோடும் வரிசையாகத் தெரியும். குற்றவாளியைத் தேர்ந்து வெளியேற்றி, கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்து எழுப்பவேண்டும். ஆனால் குற்றவாளி இவன்தான் என்று தீர்மானிப்பதில்தான் பலரும் இடறுகிறார்கள். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, பிரிண்டரின் கேபிள் தளர்ந்ததற்கும், எலி இன்வெர்ட்டர் ஒயரைக் கடித்ததற்கும் அப்டேட்டின்மேல் பழி போடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இந்தக் காகதாலீயத்தைத் தெளிவிப்பதற்கென்றே விண்டோஸில் ‘ரிலையபிலிட்டி மானிட்டர்’ என்ற ஒரு பக்கம் இருக்கிறது. நாளுக்கு ஒரு பத்தியாகக் கட்டங்கள். எது என்றைக்கு வந்து சேர்ந்தது என்பதற்கு நீலக் குறி. எது என்றைக்கு விழுந்தது என்பதற்குச் சிவப்புப் பெருக்கல் குறி. நீலத்துக்கு முந்திய நாட்களிலேயே சிவப்பு இருந்தால் அப்டேட் நிரபராதி. நீலம் வந்த நாளிலிருந்து சிவப்பு தொடங்கியிருந்தால் சந்தேகத்துக்கு இடமுண்டு. நான் அறிந்தவரை, இந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

கம்ப்யூட்டர் எழவே மறுத்தால் செட்டிங்ஸுக்குப் போவது எங்ஙனம்? அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை எழ முயன்று தோற்றுப்போனால், டிஸ்கில் தனியாக ஒதுக்கப்பட்ட ஒரு சிறு பகுதியிலிருந்து மீட்புச் சூழல் ஒன்று தானே தலைகாட்டும். ‘டிரபிள்ஷூட்’, அதற்குள் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, அதற்குள் மறுபடியும் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ என்று வழி காட்டும் அந்த நீல அட்டவணை, மாதாந்தரத் திருத்தத்தையோ பெரிய பதிப்பு மாற்றத்தையோ விண்டோஸ் எழும் முன்பே விலக்கும் அதிகாரத்தை நம்மிடம் தருகிறது.

இவ்வளவு ஏற்பாடுகளும் கைகொடுக்காமற்போன நாள் ஒன்று உண்டு. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, நம் நேரப்படி காலை 9.39-க்கு, கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பிவைத்தது. அந்த மென்பொருள், வைரஸ்களை அடிவேரிலேயே கண்டறியும் பொருட்டு, இயங்குதளத்தின் கருவறையாகிய கெர்னலுக்குள் குடியிருப்பது. கருவறைக்குள் தவறு நேர்ந்தால் விண்டோஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளுமேயன்றித் தொடர்ந்து ஓடாது. வந்த கோப்பு 21 இனங்களை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லிற்று. அதற்குத் தரவு வழங்கும் நிரலோ 20 இனங்களையே வழங்கிற்று. இருபது பத்திகள் கொண்ட பேரேட்டில் இருபத்தோராவது பத்தியைப் படிக்கப் புகுந்த குமாஸ்தா பக்கத்தின் ஓரம் தாண்டி மேஜையைப் படிப்பது போல, அந்த நிரல் தனக்குரியதல்லாத நினைவகத்தில் கைவைத்தது, திரை நீலமாயிற்று. முந்தைய பரீட்சைகளிலெல்லாம் அந்த இருபத்தோராவது இனத்துக்கு ‘எதுவாயினும் சரி’ என்ற குறியே இடப்பட்டிருந்தமையால், அதனைப் படித்துப் பார்க்க வேண்டிய அவசியமே நேரவில்லை; குறையும் வெளிப்படவில்லை.

நிறுவனம் 78 நிமிஷங்களில், 10.57-க்கு, அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டது. பயன் என்ன? அதற்குள் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் விழுந்துவிட்டன. உலகிலுள்ள விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்று மைக்ரோசாஃப்ட் கூறிற்று என்றாலும், விழுந்தவை விமான நிலையங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் வங்கிகளிலும் இருந்தவை. சென்னை உள்ளிட்ட நம் விமான நிலையங்களில் விமானங்கள் தாமதமாயின. போர்டிங் பாஸை ஊழியர்கள் பேனாவால் எழுதிக் கொடுத்த விசித்திரத்தையும் அன்று நாடு கண்டது. எழுந்த சில விநாடிகளிலேயே மறுபடி விழுகிற கம்ப்யூட்டர் இணையத்தைத் தொடுவதற்கு அவகாசம் ஏது? ஒரு சில மாத்திரம், திரும்பத் திரும்ப எழுப்பியதில், விழுவதற்கு முன் திருத்திய கோப்பைப் பெற்றுப் பிழைத்துக்கொண்டன. பதினைந்து முறை வரைக்கும் எழுப்பிப் பார்க்கும்படி மைக்ரோசாஃப்டே யோசனை சொல்ல நேர்ந்தது. அந்தக் கோப்பு விண்டோஸின் அப்டேட் அல்லவாகையால், அப்டேட்களின் பட்டியலில் அதற்குப் பெயர் இல்லை. முந்தைய பதிப்புக்குப் பெயரை மாற்றிக் கட்டும் உபாயமும் அதற்குப் பொருந்தவில்லை. ஆட்கள் நேரில் போய், ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் சேஃப் மோடில் எழுப்பி, டிரைவர்கள் இருக்கும் ஃபோல்டருக்குள் கிரவுட்ஸ்டிரைக் என்ற உட்பிரிவைத் திறந்து, ‘சி-00000291’ என்று பெயர் தொடங்கும் கோப்பைக் கையால் அழித்தார்கள். நம் நாட்டின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட அறிவிப்பும் இதே வழியைத்தான் சொல்லிற்று.

டிஸ்க் பூட்டப்பட்ட கம்ப்யூட்டர்களில் இதற்கும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. பிட்லாக்கர் என்ற பூட்டு, வழக்கமான வாசலை விட்டுப் பக்கவாட்டில் நுழைகிறவர்களிடம் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். புதிதாக வாங்கும் லேப்டாப்கள் பலவற்றில் இப்பூட்டு நாம் கேளாமலே போடப்பட்டு வருகிறது. சாவியோ இணையத்தில், நம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது. சிக்னல் கிட்டாத ஒரு தோட்ட ஆபீஸில் நின்றுகொண்டு அந்தச் சாவியைத் தேடுவதைவிட, இன்றைக்கே அதை எழுதிப் பீரோவில் வைப்பது சிரமமில்லாத காரியம்.

திரும்பிவரும் வாசல் என்றென்றைக்கும் திறந்திருப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். பெரிய பதிப்பு மாற்றம் நிகழ்ந்தால், பழைய விண்டோஸ் முழுவதும் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற ஃபோல்டரில் பத்து நாட்கள் மட்டும் காத்திருக்கும். 2016-க்கு முன் இத்தவணை முப்பது நாட்களாக இருந்தது. சிறு திருத்தங்களின் பழைய பதிப்புகளையும் காலப்போக்கில் விண்டோஸ் தானே கூட்டிப் பெருக்கிவிடுகிறது. தவிர, நிரலைத்தான் திருப்ப முடியுமே ஒழிய, அந்நிரல் விளைத்த சேதத்தைத் திருப்ப முடியாது. 2018 அக்டோபர் 2-இல் வெளியான விண்டோஸ் 10 பதிப்பு, டாக்குமென்ட்ஸ் முதலிய ஃபோல்டர்களை வேறிடத்துக்கு மாற்றி வைத்திருந்த சிலருடைய பழைய ஃபோல்டரை, காலியென்று கருதிக் கோப்புகளோடு அழித்துவிட்டது. சில நாட்களுக்குள் அதன் விநியோகமே நிறுத்தப்பட்டு, நவம்பர் 13-இல்தான் மீண்டும் தொடங்கிற்று. அப்பதிப்பை அகற்றியவர்களுக்குப் பழைய விண்டோஸ் கிடைத்தது. அழிந்த கோப்புகள் அதனுடன் கூடவே திரும்பிவிடவில்லை.

இத்தனையும் கேட்டவர், அப்டேட்டே வேண்டாம் என்று அடியோடு நிறுத்திவிடத் துணியலாம். அது விபரீதம். 2017 மே மாதத்தில் உலகை உலுக்கிய வான்னாகிரை என்ற கொள்ளை மென்பொருள், கேரளத்து வயநாட்டில் தரியோடு பஞ்சாயத்து ஆபீஸின் கம்ப்யூட்டர்களையும் பூட்டிப் பணயம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. வாங்கிக்கொள்ளாதவர்கள்தாம் அகப்பட்டார்கள். ஆகவே அகற்றுவது ஒன்றை மட்டும், அதுவும் சிறிது காலத்துக்கு மட்டும் என்பதே என் அபிப்பிராயம்.

அகற்றிய அப்டேட் சும்மா இருக்காது; மறுநாளே மீண்டும் வந்து கதவைத் தட்டும். அதற்காகத்தான் செட்டிங்ஸில் ‘பாஸ் அப்டேட்ஸ்’ என்ற வசதி இருக்கிறது. 35 நாட்கள் வரை அதைக் கொண்டு ஒத்திவைக்கலாம். ஓர் இரண்டாம் செவ்வாய்க்கும் மறு இரண்டாம் செவ்வாய்க்கும் இடையே 28 நாட்களோ 35 நாட்களோதான் என்பதால், அந்தத் தவணை தீருமுன் அடுத்த மாதத் திருத்தம் வெளியாகிவிடும். முந்தையவற்றையும் அடக்கிவருவது அதன் இயல்பாகையால், பழைய தோஷம் நீங்கிய பதிப்பு அதற்குள் இருக்க இடமுண்டு. தவணை முடிந்தபின் மறுபடியும் ஒத்திவைக்க விரும்பினாலும், காத்திருக்கும் திருத்தங்களை ஒருமுறை ஏற்றுக்கொண்ட பிறகே விண்டோஸ் அதற்கு அனுமதிக்கும்.