வீடு தேடி வரும் மருத்துவம்: தரத்தை நீங்களும் அளக்கலாம்!

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. சுகர், பிரஷர் மாத்திரைகள், படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய் ஆதரவு சிகிச்சை, பிசியோதெரபி எனப் பல சேவைகள் இதன் மூலம் வீட்டுக்கே வருகின்றன.

‘அதான் மாத்திரை வந்துடுச்சே, அப்புறம் என்ன?’ என்கிறீர்களா? மாத்திரை வருவது சேவை. அதனால் நோய் கட்டுக்குள் வந்ததா என்பதுதான் தரம். உங்க வீட்டைப் பொறுத்தவரை அதை நீங்களே கவனிக்கலாம்.

எதைப் பார்க்க வேண்டும்?

• பிரஷர்: பெரும்பாலானோருக்கு 140/90-க்குக் கீழே இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகே அளக்கச் சொல்லுங்கள். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் டீ, காபி வேண்டாம்.

• சுகர்: வெறும் வயிற்றில் எவ்வளவு இருக்கலாம் என்பது வயதையும் உடல்நிலையையும் பொறுத்து மாறும். உங்களுக்கான அளவை டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

• படுக்கையில் இருப்பவர்: இடுப்பின் பின்பக்கம், குதிகால் ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை அழுத்தி எடுத்தும் சிவப்பு மறையவில்லையா? படுக்கைப்புண்ணின் ஆரம்பமாக இருக்கலாம். செவிலியரிடம் உடனே சொல்லுங்கள்.

• பிசியோதெரபி: போன மாசம் முடியாதது எது இந்த மாசம் முடிகிறது? தானாக உட்கார்கிறாரா, பிடித்துக்கொண்டு நிற்கிறாரா?

எப்படி மேம்படுத்துவது?

ஒவ்வொரு முறை அளக்கும்போதும் தேதியையும் அளவையும் போனில் குறித்து வையுங்கள். மாதக் கடைசியில் மாத்திரை மிச்சமிருந்தால் மறைக்காமல் தன்னார்வலரிடம் சொல்லுங்கள். எத்தனை வேளை விட்டுப்போனது என்பதை அதுதான் காட்டும்.

ஒழுங்காகச் சாப்பிட்டும் அளவு இறங்கவில்லை என்றால், அதே மாத்திரையை மாதக்கணக்கில் தொடராதீர்கள். நீங்களாக நிறுத்தவும் கூடாது. மருந்தை மாற்றும் முடிவு டாக்டருடையது. குறிப்புகளோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். கட்டுப்படாத பிரஷர் வலியே இல்லாமல் சிறுநீரகத்தையும் இதயத்தையும் பாதிக்கும்.

யாரை அழைக்கலாம்?

மருத்துவ ஆலோசனைக்கு 104. சேவை குறித்த புகாருக்கு முதல்வரின் உதவி மைய எண் 1100. நெஞ்சுவலி, வாய் கோணுதல், திடீரெனக் கை கால் செயலிழத்தல் என்றால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

அடுத்த முறை தன்னார்வலர் வீட்டுக்கு வரும்போது, மாத்திரையை வாங்கும் முன்பே கேளுங்கள்: ‘போன தடவையைவிட இப்ப குறைஞ்சிருக்கா?’