நல்ல மேய்ப்பரும் நம் நாட்டுக் கிடையும்

சேலத்திலிருந்து கிழக்கே சுமார் 10 கிலோமீட்டர் தூரத்தில், ஆத்தூர்ச் சாலையும் அரூர்ச் சாலையும் பிரியுமிடத்தில் அமைந்துள்ளது அயோத்தியாப்பட்டணம். வடக்கே சேர்வராயன் மலையும் தெற்கே ஜருகுமலையும் நிற்க, அவற்றினிடையே தொடங்கி நாமக்கல் வரை பரந்து கிடக்கும் இச்சமவெளிகளில், அறுப்பு முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை அமர்த்தும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. பகலெல்லாம் மேய்ந்த மந்தையை இராக்காலத்தில் ஒருவருடைய நிலத்திலே மூங்கிற் படல்களால் வளைத்து அடைப்பர். இந்நாளில் படலுக்குப் பதிலாக நைலான் வலை கட்டுவோரும் உளர். மந்தையின் புழுக்கையும் மூத்திரமும் அந்நிலத்திற்கு உரமாகும். ஆட்டெரு அவ்வருஷமே பலன் தரும், மாட்டெரு மறுவருஷந்தான் பலன் தரும் என்பது குடியானவர் கணக்கு. இவ்வுபகாரத்திற்கு ஈடாக மேய்ப்பன் முற்காலத்தில் தானியம் பெற்றான். இப்போது பெரும்பாலும் பணம் பெறுகிறான். பிறகு படல் பெயர்ந்து அடுத்த நிலத்திற்குச் செல்லும்.

இதிலே நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. நிலத்தையுடையவன் தன் வீட்டில் உறங்குகிறான். ஆட்டை மேய்ப்பவனோ ஆட்டுடனே வெட்டவெளியிற் கிடக்கிறான். ஈன்று சில நாளேயான குட்டிகளை மூங்கிற் கூடையின்கீழ்க் கவிழ்த்துப் பாதுகாத்துவிட்டு, படலோரமாய்ப் போர்வையை விரித்துப் படுக்கிறான். பனி பெய்தால் அவன்மேலும் பெய்யும். நாய் குரைத்தால் முதலில் எழுபவனும் அவனே. அண்மை ஆண்டுகளில் ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் தெருநாய்கள் இரவிலே பட்டிகளிற் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்ற செய்திகளைப் பலரும் வாசித்திருப்பீர்கள். காவலின்றி விடப்பட்ட பட்டிக்கு நேர்வது இன்னதென்று அறிய நாம் பழைய ஏற்பாட்டுக் காலத்து ஓநாயைத் தேடிப் போகவேண்டுவதில்லை.

நம் சபைகளிலே மரணம் நேர்ந்த வீட்டிலும், கல்லறைத் தோட்டத்திலும் வாசிக்கப்படுவது பெரும்பாலும் 23ஆம் சங்கீதமே. ஆயினும் அதைக் கேட்கும்போது நம் மனத்தில் எழும் சித்திரம் எது? ஞாயிறு பள்ளியிலே நமக்குக் கொடுக்கப்பட்ட வண்ணப்படங்களில் உள்ளது. பஞ்சு மூட்டைபோன்ற வெள்ளாட்டுக் குட்டியுமல்லாத செம்மறியுமல்லாத ஏதோவொரு பிராணி, முழங்காலளவு பசும்புல், பொன்முடி தரித்ததோர் ஐரோப்பிய முகம். அப்படங்களை நாம் இகழவில்லை. அவற்றால் விசுவாசம் பெற்றோர் பலர். ஆனால், துக்கமுள்ள மனிதனுக்கு அப்படம் நெடுந்தூரம் துணைவராது. கிடையைக் கண்டவனுக்கு அச்சங்கீதம் வேறு விதமாகப் பொருள்படும் என்பதே நாம் ஈண்டு சொல்லப் புகுந்தது.

முதலாவது, சொல்லைப் பார்ப்போம். மந்தை காப்பவனுக்குத் தமிழிலே ஆயன், இடையன், கோவலன் எனப் பழம்பெயர்கள் பல உண்டு. முல்லை நிலத்திற்கு உரியோராய் இவர்களைச் சங்க நூல்கள் பாடின; கண்ணனை ஆயர் குலத்தவனாகக் கொண்டாடிய பக்திப் பாடல்கள் நம் நாட்டார் யாவர்க்கும் தெரிந்தவை. எனவே தெய்வத்தை மந்தை காப்பவராக எண்ணுவது தமிழனுக்குப் புதிதன்று. கத்தோலிக்க வழக்கில் ஆயன் என்னும் சொல்லே வேரூன்றி, அத்திருச்சபையின் அத்தியட்சருக்கும் அப்பெயர் வழங்குகிறது. சீர்திருத்த சபைகளின் வேதாகமத்திலோ மேய்ப்பன் என்னும் சொல் நிலைபெற்றது. மேய்தல் ஆட்டின் தொழில். அதனை மேயச் செய்பவன் மேய்ப்பன். எபிரெய மொழியிலும் இவ்வாறே, மேய்த்தலையும் உணவூட்டுதலையும் குறிக்கும் வினையடியாகவே அப்பெயர் பிறந்துள்ளது. ஆயன், இடையன் என்பன பிறப்பைக் குறிக்கும் பெயர்களாகவும் நம் நாட்டில் ஆகிவிட்டன. மேய்ப்பன் என்பதோ செய்கையை மட்டுமே குறிக்கிறது. இரண்டு சொல்லும் நல்ல சொற்களே. எனினும், குலத்தைக் கேட்டே மனிதனை மதிக்கும் தேசத்திலே, ஆண்டவருக்கு அவர் செய்யும் வேலையால் பெயரிட்டது நமக்கு உவப்பாகவே இருக்கிறது.

இனி ஒரு தடையுண்டு. அதை மறைத்துச் செல்வது நேர்மையன்று. நம் ஊர்க் குடியானவன் ஒருவனிடம், கடவுள் உன் மேய்ப்பர், நீ அவருடைய ஆடு என்று சொன்னால் அவன் என்ன நினைப்பான்? மேட்டூருக்கு அருகிலுள்ள மேச்சேரியின் பெயரால் வழங்கும் ஆட்டினம் நம் ஜில்லாவுக்குப் பெருமை தருவது. அவ்வினத்தைப் பேணுவதற்கென்றே பொட்டனேரியில் 1978இல் ஓர் ஆராய்ச்சி நிலையமும் நிறுவப்பட்டது. செந்நிறமும் குறுமயிருமுள்ள அவ்வாடு கம்பளிக்கு உதவாது. அதன் பெருமையெல்லாம் இறைச்சியும் தோலுமே. வாரச் சந்தையிலே மேய்ப்பன் வந்து நிற்பது எதற்காக? திருவிழாவிலே ஆட்டின்மேல் நீர் தெளித்து, அது உடலைச் சிலிர்ப்பதற்காக ஊரார் காத்து நிற்பது எதற்காக? ஆட்டை வளர்ப்பவன் ஒருநாள் அதை விற்பான், வாங்குபவன் அறுப்பான். மேய்ப்பன் காட்டும் அன்பின் முடிவு இதுவாயின், இவ்வுருவகத்தில் ஆறுதல் எங்கே? பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி இக்கேள்வியையே வேறு சொற்களாற் கேட்கிறாள்.

யூதேயா தேசத்திலே ஆடுகள் கம்பளிக்காகவும் பாலுக்காகவுமே பெரும்பாலும் வளர்க்கப்பட்டன, ஆதலால் அவை பல்லாண்டு மேய்ப்பனோடு வாழ்ந்தன என்று விளக்கமளிப்பர். இது உண்மையே. ஆடுகளைப் பேர்சொல்லி அழைத்தல் என்று யோவான் சுவிசேஷம் 10ஆம் அதிகாரம் கூறுவதற்கு இதுவொரு நியாயமாகும். நம் மேய்ப்பரும், குட்டிகளை விற்றாலும், தாய் ஆடுகளை வருஷக்கணக்காக வைத்துக் காப்பாற்றி, ஒவ்வொன்றையும் நிறத்தாலும் நடையாலும் குரலாலும் அறிவர். என்றாலும், இவ்விளக்கத்தால் தடை நீங்கிவிடாது. யூதேயாவிலும் ஆடு அறுக்கப்பட்டது. எருசலேம் தேவாலயத்தில் அன்றாடம் பலியிடப்பட்டது.

அக்கேள்வியை வேதாகமமே கேட்டிருக்கிறது என்பதுதான் நமக்கு வியப்பளிக்கிறது. பாபிலோன் சிறையிருப்பின் காலத்திலே எழுந்த எசேக்கியேல் தீர்க்கதரிசனத்தில் 34ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். இஸ்ரவேலின் அதிபதிகள் மந்தையை மேய்க்காமல், அதன் கொழுப்பைத் தின்று, ரோமத்தை உடுத்து, கொழுத்ததை அடித்துத் தம்மையே போஷித்தனர் என்பது அங்குள்ள குற்றச்சாட்டு. சந்தையிலே குடியானவன் காண்பதைத் தீர்க்கதரிசி அரண்மனையிலே கண்டார். முடிவில், நானே என் ஆடுகளைத் தேடுவேன் என்ற கருத்தில் கடவுள் உரைக்கிறார். ஆனால் எவ்வாறு தேடுவார் என்பது அங்கே முழுமையாய் வெளிப்படவில்லை.

யோவான் சுவிசேஷத்திலே அது வெளிப்படுகிறது. அங்கே கிறிஸ்துநாதர் மந்தைக்காகத் தம் ஜீவனைக் கொடுப்பதாகச் சொல்கிறார். நாம் பன்முறை கேட்டுப் பழகிவிட்டமையால் இச்சொல்லின் கடுமை நமக்கு உறைப்பதில்லை. எந்த மேய்ப்பன் ஆட்டுக்காகச் சாவான்? அப்படிச் செத்தவனை ஊரார் பைத்தியக்காரன் என்பர். ஒரு ஆட்டின் விலை இன்னதென்று அவர்களுக்குத் தெரியும். சந்தையின் வழக்கத்தில் மேய்ப்பன் பிழைக்க ஆடு சாகும். இங்கே ஆடு பிழைக்க மேய்ப்பர் சாகிறார். இன்னும் வெளிப்படுத்தின விசேஷம் 7ஆம் அதிகாரத்திலே, சிங்காசனத்தின் மத்தியிலிருக்கும் ஆட்டுக்குட்டியானவரே ஜனங்களை மேய்ப்பவராகக் காட்டப்படுகிறார். ஆட்டுக்குட்டி மேய்ப்பதாவது உலகத்தில் எங்குமில்லாத காட்சி. ஆயினும் குடியானவனுடைய தடைக்கு விடை இதில்தான் உள்ளது. கத்தியை அறிந்த மேய்ப்பர் இவர். நம்மைச் சந்தைக்கு ஓட்டிச் செல்பவராயின், அவர் கழுத்திலே அத்தழும்பு இராது.

யோவான் சுவிசேஷத்தின் 10ஆம் அதிகாரத்தில் ஓநாயைக் கண்டு ஓடும் கூலியாளும் வருகிறான். பிரசங்கிமார் அவனை வெகுவாக ஏசுவதுண்டு. நாம் சற்று நிதானிக்கவேண்டும். கொங்கு நாட்டுப் பண்ணைகளில் ஆடு மேய்க்க அடிமைபோல் விடப்பட்ட சிறுவர்களின் வாழ்வைப் பெருமாள்முருகன் தமது 'கூளமாதாரி' நாவலில் எழுதியுள்ளார். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே இயற்றப்பட்டும் இத்தகைய பிள்ளைகள் பின்னரும் மீட்கப்பட்டு வந்துள்ளனர். பிறனுடைய ஆட்டுக்காக ஓநாயின்முன் நிற்கும்படி அப்பிள்ளையை யார் கேட்கலாம்? ஆடுகள் தன்னுடையனவல்ல என்பதே கூலியாளைக் குறித்துச் சுவிசேஷம் காட்டும் காரணம்; அவனை இகழ்வதைவிட, ஆடுகள் தம்முடையவை என்று ஆண்டவர் உரிமை பாராட்டுவதை நோக்குவதே அப்பகுதியின் கருத்துக்கு ஒக்கும்.

சங்கீதத்திற்குத் திரும்புவோம். அங்கே புல்லும் நீரும் பேசப்படுகின்றன. பச்சையாயிருப்பதெல்லாம் மேய்ச்சலாகாது என்பதைச் சேலத்தார்க்குச் சொல்லவேண்டா. ஜவ்வரிசி ஆலைகளுக்காக நம் பக்கத்திலே ஏராளமாகப் பயிரிடப்படும் மரவள்ளியின் பச்சையிலையிலும், முற்றாத இளஞ்சோளப் பயிரிலும் சயனைடு என்னும் நஞ்சை விளைவிக்கும் பொருள் உண்டு. பசித்த ஆடு வயிறார மேய்ந்தால் சிறிது நேரத்தில் மூச்சுத் திணறி விழுந்துவிடும். ஆட்டுக்கோ அதுவும் ஒரு பசுமை. வேலியோரத்தில் நின்று கோலை ஓங்கி மந்தையைத் திருப்பும் மேய்ப்பனை, நல்ல தீனியைத் தடுக்கிற கொடியவனென்றே அது எண்ணக்கூடும். நமக்கு மறுக்கப்பட்டவையெல்லாம் மரவள்ளியிலைதான் என்று சொல்ல நாம் துணியோம். அப்படிச் சொல்லித் துக்கப்படுவோரைப் புண்படுத்துவோரை நாம் கண்டதுண்டு. சில மறுப்புகளுக்காவது இப்படியொரு காரணம் இருத்தல் கூடும் என்பதே நாம் சொல்லத்தக்கது.

கோலையும் தடியையும் சங்கீதக்காரன் ஆறுதலென்கிறான். நம் மேய்ப்பனிடத்தும் இரண்டு உண்டு. ஒன்று கைக்கோல். மற்றொன்று துறட்டி, நீண்ட கழியின் நுனியில் இரும்புக் கொக்கி பூட்டியது. கோடையிலே தரையிற் புல் கருகியபின், வேலமரத்தின் உயர்ந்த கிளையை அதனால் வளைத்துக் காயையும் தழையையும் உதிர்ப்பான். ஆடு எட்டாத உயரத்திலுள்ள உணவு அதன் வாய்க்கு வந்து சேர்கிறது. பஞ்சகாலத்தில் மந்தையின் உயிர் துறட்டியிலே இருக்கிறது எனலாம்.

பஞ்சம் என்றவுடன் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம் நினைவுக்கு வருகிறது. மிகக் கடுமையாய்ப் பாதிக்கப்பட்ட ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. லண்டன் மிஷன் 1827 முதல் இங்கே ஊழியம் செய்து வந்தமையால், அக்காலத்தில் இச்சங்கீதத்தை அறிந்த சபையாரும் இங்கிருந்தனர். ஒன்றுக்கும் குறைவில்லை என்ற கருத்துடைய வாக்கியத்தை வெறும் வயிற்றோடு வாசிக்கவேண்டியவர்கள் அவர்கள். அண்மையில் 2020, 2021ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயிலோ, கல்லறைத் தோட்டத்திலே உறவினர் சிலரே விலகி நிற்க, சவப்பெட்டியைத் தொடவும் இயலாமல் இதே வாக்கியம் வாசிக்கப்பட்டது. குறைவே நேராது என்பதுதான் பொருளாயின், இச்சங்கீதம் அன்றே பொய்த்திருக்கும்.

ஆனால் அதன் நடுவில் நிகழும் ஒரு மாறுதலை நோக்குங்கள். முதல் மூன்று வசனங்களில் கடவுள் படர்க்கையில் பேசப்படுகிறார். அவர் செய்தார், அவர் நடத்தினார் என்று பிறருக்குச் சாட்சி சொல்லும் நடை. நான்காம் வசனத்தில் மரண இருள் சூழ்ந்த பள்ளத்தாக்கு வருகிறது. அங்கே திடீரென்று முன்னிலையாகிறது. நம் தமிழ் வேதாகமத்தில் தேவரீர் என்னும் சொல் அவ்விடத்தில்தான் நுழைகிறது. புல்லுள்ள இடத்தில் அவரைப்பற்றிப் பேசியவன், இருளிலே அவரோடு பேசுகிறான். இலக்கணம் பயிலும் மாணவர் இதை இடவழுவென்று தள்ளிவிடலாகாது. பள்ளத்தாக்கு இல்லாமற் போகும் என்று அங்கே சொல்லப்படவில்லை. கூடவே ஒருவர் இருக்கிறார் என்பதே சொல்லப்படுகிறது. படலோரத்திலே பனியில் கிடக்கும் மனிதனை ஆடுகள் காணமாட்டா; இருளில் அவன் இருமுவதும், புரண்டு படுப்பதும், நாயை அதட்டுவதும் அவற்றின் செவிக்கு எட்டும். மந்தை அசைபோட்டபடி படுத்திருக்க அது போதும்.

ஆதிச் சபையார் இவ்வுருவகத்தை எங்கே பொறித்துவைத்தனர் என்பதையும் கூறி அமைவோம். சிலுவை கிறிஸ்தவக் கலையிலே பெருவழக்காகும் முன்னரே, மேய்ப்பர் சித்திரம் வழக்கிலிருந்தது. சிரியாவிலுள்ள தூரா-யூரோப்பஸ் நகரத்தில் மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜெபவீடு ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. அங்கே ஞானஸ்நானத் தொட்டிக்கு மேலே மேய்ப்பரும் மந்தையும் தீட்டப்பட்டிருந்தனர். ரோமாபுரியிலே, பூமிக்கடியில் குடைந்த சுரங்கக் கல்லறைகளின் விதானங்களிலும் சுவர்களிலும் அச்சித்திரம் மீண்டும் மீண்டும் வருகிறது. ஆட்டைத் தோளில் சுமக்கும் உருவம் கிரேக்கரிடத்தும் ரோமரிடத்தும் முன்பே இருந்ததுதான். மரித்தோரைக் கிடத்தும் இடத்திற்கு வேறெதனையும்விட அதுவே பொருத்தமென்று அவர்கள் கருதினர் போலும்.

அக்கல்லறைகளுள் பிரிஸ்கில்லாவின் பெயரால் வழங்கும் ஒன்றில், விதானத்தின் நடுவே மேய்ப்பர் நிற்கிறார். அவர் தோளில் இருப்பது செம்மறியன்று, வெள்ளாடு. நியாயத்தீர்ப்பின் உவமையில் இடதுபக்கம் நிறுத்தப்படும் வெள்ளாட்டைக் கல்லறைச் சித்திரக்காரன் தோள்மேல் ஏற்றிவிட்டானே என்று வியந்து, மாத்யூ ஆர்னல்ட் ஆங்கிலத்தில் ஒரு பதினான்கடிப் பாட்டே எழுதினார். அயோத்தியாப்பட்டணத்து மேய்ப்பன் அதைக் கண்டால் வியப்பானென்று நமக்குத் தோன்றவில்லை. அவனுடைய கிடையில் செம்மறியும் வெள்ளாடும் ஒரே படலுக்குள் கலந்தே கிடக்கின்றன.