பழைய பாய்மரப் படகு வாங்கும் முன்

ஏரியும் கடலும் அருகில் உள்ள ஊர்களில் குடியேறிய நம் குடும்பங்களில், "பக்கத்து வீட்டார் போல நாமும் ஒரு பாய்மரப் படகு வாங்கலாமா?" என்று பிள்ளைகள் கேட்பது இப்போது சகஜமாகிவிட்டது. புதிய படகின் விலையைக் கேட்டதும் பெற்றோர் பின்வாங்குவார்கள். பிறகு யாராவது, "பழையது ஒன்று மலிவாகக் கிடைக்கிறது" என்பார்கள். அந்த நிலையில் இருக்கும் அன்பர்களுக்காகவே இக்கட்டுரை.

இதை எழுதுபவன் கடலோடி அல்ல. ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில், புத்தூரைத் தாண்டினால் வரும் வடமாலபேட்டையில் வசிக்கிறேன். சுற்றிலும் மலையும் மாந்தோப்பும்தான். இருந்தாலும் மெல்போர்னில் உள்ள என் மகளும் மாப்பிள்ளையும் பழைய படகு ஒன்றை வாங்கிச் செப்பனிட்டபோது, ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் என் யோசனையைக் கேட்டார்கள். அதற்காக நானும் படித்தேன், விஷயம் தெரிந்தவர்களை விசாரித்தேன். மரம், உலோகம், ஈரம், துரு ஆகியவற்றின் குணம் ரயில்பாதையில் எப்படியோ படகிலும் அப்படியே என்பதைக் கண்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2022-ல் உருவான எங்கள் திருப்பதி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் பழவேற்காடு ஏரி இருக்கிறது. அதன் தமிழ்நாட்டுப் பக்கத்தில் 2011 டிசம்பர் 25 அன்று, உல்லாசமாகச் சென்றவர்களின் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பண்டிகை நாளில் குடும்பத்தோடு போனவர்கள் அவர்கள். படகு வாங்க நினைக்கும் எவரும் இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும்.

"இந்தப் படகு கவிழுமா?" என்று பலர் கேட்கிறார்கள். சிறிய பாய்மரப் படகு என்றால் ஒருநாள் கவிழத்தான் செய்யும். கேட்க வேண்டிய கேள்வி வேறு. கவிழ்ந்து உள்ளே தண்ணீர் நிறைந்த பிறகும் அது மிதக்குமா? அதை நிமிர்த்தி மறுபடி ஏறிக் கரை சேர முடியுமா? பழைய படகைப் பார்ப்பது, செப்பனிடுவது, சோதிப்பது எல்லாமே இந்தக் கேள்விக்கு விடை காண்பதற்குத்தான்.

நம் முன்னோர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். கட்டுமரத்தில் தண்ணீர் நிறைய உட்குழிவே கிடையாது. அலை மேலே ஏறினாலும் மரங்களின் இடுக்கு வழியே வழிந்துவிடும். கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே வெயிலில் உலர்த்துவார்கள். மரம் நீர் குடித்தால் மிதக்கும் சக்தி குறையும் என்பதே காரணம். இக்காலத்துச் சிறு படகில் அந்த வேலையைச் செய்பவை, படகின் உடலோடு சேர்த்துக் கட்டிய மூடிய காற்றறைகள்.

எந்தப் படகு?

குடும்பத்துக்கு ஏற்ற படகும் பந்தயப் படகும் வேறு வேறு. லேசர் என்று பெயர் பெற்று இப்போது ஐ.எல்.சி.ஏ. எனப்படும் படகு பழையதாக எளிதில் கிடைக்கும். ஆனால் அது ஒருவர் ஓட்டுவது. ஆப்டிமிஸ்ட் என்பது 2.3 மீட்டர் நீளமுள்ள, ஒரு சிறுவனோ சிறுமியோ தனியே ஓட்டும் படகு. நால்வர் உள்ள குடும்பம் இவற்றை வாங்கினால் மூவர் கரையில்தான் நிற்க வேண்டும்.

பெரியவர் ஒருவரும் பிள்ளைகள் இருவரும் போக, பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பலர் நாடுவது மிரர். 1960-களின் தொடக்கத்தில், வீட்டிலேயே கட்டிக்கொள்ளும்படி ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெலும் வடிவமைத்தது. நீளம் 3.3 மீட்டர். ஒட்டுப்பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, இணைப்பின் மேல் கண்ணாடி இழைப் பட்டையை ஒட்டுவார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மிரர்கள் கட்டப்பட்டிருப்பதால், பழையவையும் உதிரிப் பொருள்களும் கிடைப்பது எளிது. பெரியவர் இருவரும் பிள்ளைகளும் சேர்ந்து போவதானால், ஹோல்ட் 1949-ல் வடிவமைத்த ஜி.பி.14 போன்ற 14 அடிப் படகு தேவை.

எடை, ஒலி, ஊசி

வாங்கப் போகும்போது மூன்று சோதனைகள் போதும். மூன்றும் ரயில்வேக்காரனுக்குப் பழகியவை.

முதலாவது எடை. பெயர் பெற்ற படகு வகை ஒவ்வொன்றுக்கும் உடல் எடை இவ்வளவு என்று விதி உண்டு. மிரருக்கு 45.5 கிலோ. பாய்மரத்தையும் மற்ற சாமான்களையும் எடுத்துவிட்டு, படகின் முன்பக்கம் ஒரு தராசிலும் பின்பக்கம் ஒரு தராசிலுமாக வைத்துக் கூட்டிப் பாருங்கள். என் மகள் பார்த்த படகு 57 கிலோ இருந்தது. பழைய வண்ணப்பூச்சுக்கு இரண்டு மூன்று கிலோவைக் கழித்தாலும், மீதி பலகைக்குள்ளும் அறைக்குள்ளும் புகுந்த தண்ணீர்தான். வெளியே பளபளவென்று வண்ணம் அடித்திருந்தாலும் எடை பொய் சொல்லாது.

இரண்டாவது ஒலி. ரயில் நிலையத்தில் வண்டி நின்றதும் ஒருவர் நீண்ட பிடியுள்ள சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிக்கொண்டே போவதைப் பழைய தலைமுறையினர் பார்த்திருப்பார்கள். நல்ல சக்கரம் கணீர் என்னும்; விரிசல் கண்டது மொத்தென்னும். படகையும் ஒரு நாணயத்தால் சாண் சாணாகத் தட்டி வாருங்கள். ஒலி திடீரென்று மந்தமாகும் இடத்தில் ஃபைபர் அடுக்கு பிரிந்திருக்கும், அல்லது பலகை ஊறியிருக்கும். அங்கே சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள்.

மூன்றாவது ஊசி. மரப் படகானால், உரிமையாளரின் அனுமதியோடு கூர்மையான தமரூசியால் மெல்லக் குத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்க்கும். இற்றுப்போன மரம் இடம் கொடுக்கும். பின்பலகையின் அடி, திருகாணிகளைச் சுற்றிய இடம், விளிம்புச் சட்டத்தின் கீழ்ப்புறம், நடுப்பலகைக் கூட்டின் அடி ஆகிய நான்கு இடங்களில்தான் பெரும்பாலும் கேடு இருக்கும். நடுப்பலகை என்பது, காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளாதிருக்க அடித்தளத்தின் வழியே நீரில் இறக்கும் பலகை. அதைச் சுற்றியுள்ள கூட்டில்தான் கசிவு அதிகம்.

பேரத்துக்கு ஒரு சிறு விதி. படகின் விலைக்குச் சமமான தொகையைச் செப்பனிடுவதற்கும் பாய்க்குமாகத் தனியே ஒதுக்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள். முடியாவிட்டால் அந்த விலைக்கு அது உங்கள் படகல்ல.

காற்றறைச் சோதனை

ஒரு லிட்டர் தண்ணீரை விலக்கும் காற்று ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். நூறு லிட்டர் காற்றறை நூறு கிலோவைத் தாங்கும். அதில் முப்பது லிட்டர் நீர் புகுந்துவிட்டால் எழுபதுதான். கணக்கு இவ்வளவு எளிது.

அறையின் அடைப்பானைக் கழற்றி, துளையில் ஒரு ரப்பர்க் குழாயைப் பொருத்தி வாயால் ஊதுங்கள். இன்னொருவர் இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவட்டும். குமிழி வரும் இடமே ஓட்டை. பஞ்சர் கடையில் டியூபைப் பார்ப்பது போலத்தான். ஆனால் காற்றழுத்த இயந்திரத்தை மட்டும் பயன்படுத்தாதீர்கள்; தட்டையான பலகை அந்த அழுத்தத்தில் பிளந்துவிடும்.

சில பழைய படகுகளில் அறைக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் இருக்கும். படகு மூழ்கும்போது ஐம்பது லிட்டர் பை ஏறக்குறைய ஐம்பது கிலோ விசையுடன் மேல்நோக்கி இழுக்கும். அதைக் கட்டியிருக்கும் வார்களும் திருகாணிகளும் அந்த இழுப்பைத் தாங்க வேண்டும். வார் நைந்திருந்தால் பை மட்டும் மிதக்கும், படகு மூழ்கும்.

செப்பனிடும் முறை

ஈரத்தின் மேல் பசை ஒட்டாது. இதைப் பொறுமையற்றவர்கள் மறந்துவிடுகிறார்கள். அடைப்பான்களைத் திறந்து, படகைக் கூரையின் கீழ் காற்றோட்டமாகக் கவிழ்த்து வையுங்கள். வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதி வாருங்கள். எடை குறைவது நின்ற பிறகுதான் வேலை தொடங்க வேண்டும். மகள் வீட்டுப் படகு ஆறு வாரத்தில் 57-லிருந்து 49-க்கு இறங்கியது. பேரன் அந்தக் கணக்கை நோட்டில் எழுதி வந்தான்; எடை எந்த வாரம் நிற்கும் என்று வீட்டில் பந்தயம்கூட நடந்தது.

இற்ற பலகையைச் சுற்றிலும் நல்ல மரம் தென்படும் வரை வெட்டி எடுத்துவிட வேண்டும். மேலே மாவு பூசி மறைப்பது அடுத்தவரை ஏமாற்றலாம், தண்ணீரை ஏமாற்றாது. ஒட்டும் புதுப் பலகையின் விளிம்பைச் சாய்வாகச் சீவி இணையுங்கள். பலகையின் கனத்தைப் போல எட்டு மடங்கு நீளச் சாய்வு வேண்டும்; 5 மில்லிமீட்டர் பலகைக்கு 40 மில்லிமீட்டர். இந்தியாவில் இருப்பவர்கள் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டையே கேட்டு வாங்குங்கள்.

ஃபைபர் உடலில் ஓட்டை என்றால், சுற்றிலும் கனத்தின் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும். எப்பாக்ஸி பசை பழைய பாலியெஸ்டரின் மேல் நன்றாகப் பிடிக்கும். எப்பாக்ஸியின் மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. நம் ஊர் வெயிலில் எப்பாக்ஸி வேகமாக இறுகும் என்பதால் சிறிது சிறிதாகக் கலந்துகொள்ளுங்கள். கையுறையும் முகமூடியும் கட்டாயம். தேய்க்கும் தூசி பறக்கும்போது பிள்ளைகள் பக்கத்தில் இருக்கலாகாது.

பாய்மரமும் மின்கம்பியும்

பாய்மரத்தை நிறுத்தும் இழுகம்பிகளின் மேல் பஞ்சுத் துணியை ஓட விடுங்கள். துணி எங்காவது சிக்கினால் அங்கே இழை அறுந்திருக்கிறது. அந்தக் கம்பியை மாற்றிவிடுங்கள். அலுமினியப் பாய்மரத்தில் எஃகுத் திருகாணியைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரிந்தால் அரிப்பு என்று பொருள். பாயில் துணிக்கு முன்பே வெயிலில் நூல்தான் இற்றுப்போகும். தையலை நகத்தால் கீறிப் பாருங்கள். நூல் உதிர்ந்தும் துணி நன்றாக இருந்தால், மறுதையல் போட்டால் போதும்.

ரயில்வேக்காரன் என்ற முறையில் இன்னொன்றையும் வலியுறுத்துகிறேன். பாய்மரத்தை நிமிர்த்தும் முன் அண்ணாந்து பாருங்கள். ரயில்பாதைக்கு மேலே உள்ள கம்பியில் 25,000 வோல்ட் ஓடுகிறது. அதைத் தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே மின்சாரம் பாய்ந்துவிடும். ஊர் மின்கம்பிகளும் உயிரைக் குடிக்கக்கூடியவையே. படகை வண்டியில் கொண்டு போகும்போது பாய்மரம் படுத்தே இருக்க வேண்டும். கரையில் மேலே கம்பி இல்லாத இடத்தில்தான் அதை நிறுத்த வேண்டும்.

எங்கே கற்பது?

படகு வாங்கும் முன்பே ஒரு பாய்மரச் சங்கத்தில் சேருங்கள். பழைய படகுகள் கைமாறுவதும் பெரும்பாலும் அங்கேதான். சென்னைத் துறைமுகத்தில் உள்ள ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பை 1911-ல் தொடங்கியவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அவரும் ரயில்வே பொறியாளராக இருந்தவர்தான் என்பதில் எனக்குச் சற்றுப் பெருமை உண்டு. கணித மேதை ராமானுஜன் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தபோது அவருக்குத் துணை நின்றவரும் இவரே. ஹைதராபாத் அன்பர்களுக்கு ஹுசேன் சாகர் இருக்கிறது. பாய்மரப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா குமணன் சென்னைக்காரர் என்பதையும் உங்கள் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எங்கே படகு இறக்கலாம், என்ன அனுமதி வேண்டும் என்பதையும் சங்கத்தார் சொல்வார்கள். பழவேற்காடு பறவைகள் சரணாலயம். நினைத்தபடி படகு இறக்கும் இடம் அல்ல.

முதல் நாள் ஒத்திகை

வேலை முடிந்ததும் பாய் விரித்துப் பறக்க ஆசை வரும். அதற்கு முன் ஒரு நாளைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். காற்றில்லாத காலையில், இடுப்பளவு நீரில், அனுபவம் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படகைச் சாய்த்துத் தண்ணீரால் நிரப்புங்கள். பெரியவர் இருவர் உள்ளே உட்காருங்கள். படகு மட்டமாக மிதக்கிறதா? நடுப்பலகைக் கூட்டின் மேல்வாய் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறதா? அது கீழே இருந்தால், இறைக்க இறைக்கத் தண்ணீர் அந்த வழியாகவே திரும்ப வரும், இறைப்பது வீண். அப்படியானால் இன்னும் காற்றறை சேர்க்க வேண்டும். பிறகு படகை ஒவ்வொரு பக்கமாகச் சிறிது நேரம் சாய்த்து வைத்து, கரைக்கு வந்து அறைகளில் எவ்வளவு நீர் புகுந்தது என்று அளந்து பாருங்கள்.

அதன் பிறகு பிள்ளைகளின் முறை. ஒவ்வொருவருக்கும் அவரவர் எடைக்கு ஏற்ற உயிர்காப்பு அங்கி. சிறுவர்களுக்குக் கால்களுக்கு இடையே வரும் பட்டையும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கி மேலே போய் பிள்ளை கீழே நழுவும். வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து, நடுப்பலகையின் மேல் ஏறி நின்று நிமிர்த்தப் பழக்குங்கள். கவிழ்ந்த படகு காற்றில் நகர்ந்துவிடும் என்பதால் யாராவது ஒருவர் எப்போதும் அதன் கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்றுண்டு: கரை எவ்வளவு அருகில் தெரிந்தாலும் படகை விட்டு நீந்தக் கூடாது. மிதக்கும் படகைப் பிடித்துக்கொண்டிருப்பவர் தேடி வருபவர் கண்ணில் படுவார். தனியே நீந்துபவர் தலை அலையில் தெரியாது.

இந்த ஒத்திகையில் தேறாத படகை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், மறுபடி பட்டறைக்கே அனுப்புங்கள். தேறிய படகில் முதலில் கரையோரமாக, இளங்காற்றில், வெளிச்சம் இருக்கும்போது மட்டும் போய் வாருங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.