மீன் லாரிகளில் கூடுதல் எல்.இ.டி. விளக்குகள்: வயரிங், சட்டம், நிவாரணம்

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் கரைகளில் மீன் ஏற்றும் லாரிகளிலும் சிறு சரக்கு வண்டிகளிலும் கூடுதல் எல்.இ.டி. விளக்கு போடுவது இன்று சாதாரணம். பம்பரில் இரண்டு, கேபின் மேல் இரண்டு, சரக்கு ஏற்றி இறக்கப் பின்னால் ஒன்று என எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சிறிய சுமைதான். ஆபத்து விளக்கில் இல்லை. பேட்டரியிலிருந்து விளக்குவரை மின்சாரம் போகும் வழியிலும், அந்த வழியில் உள்ள இணைப்புகளிலும் இருக்கிறது.

கணக்கு எளியது. 48 வாட் விளக்குகள் நான்கு என்றால் மொத்தம் 192 வாட். 24 வோல்ட் லாரியில் அது 8 ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட் சிறு வண்டியில் 16 ஆம்பியர். வண்டியோடு வந்த ஹெட்லைட் சுவிட்சும் அதன் வயரும் இந்தக் கூடுதல் சுமைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆனாலும் ஏற்கெனவே ஓடும் வயரைச் சீவி, புது வயரை அதில் முறுக்கி, மேலே டேப் சுற்றிவிடும் வேலை பரவலாக நடக்கிறது. வெயிலில் டேப்பின் பசை இளகிப் பிரிந்ததும் செம்பு வெளியே தெரியும்.

இந்தக் கடற்கரையில் அப்படிப்பட்ட இணைப்புக்கு ஆயுள் குறைவு. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி, உலோகங்களைக் கடற்காற்று எப்படி அரிக்கிறது என்று பார்க்க மண்டபத்தில் கள நிலையம் நடத்திவந்ததே இங்குள்ள காற்றின் கடுமையைச் சொல்லும். மீன் வண்டிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பெட்டிகளிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் உப்போடு சேர்ந்து சேஸிஸின் அடியிலேயே ஊறுகிறது. ஈரம் ஏறிய செம்பு பச்சை பூக்கும். இணைப்பின் மின்தடை கூடும். அரை ஓம் தடை போதும்: 8 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரே இடத்தில் 32 வாட் வெப்பம் உண்டாகும். பழைய ஹாலோஜன் பல்பு என்றால் இணைப்பு கெட்டதும் மஞ்சளாக மங்கி ஓட்டுநருக்குத் தெரிவித்துவிடும். எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் உள்ள டிரைவர் சுற்று, வோல்டேஜ் குறையும்போது அதிக மின்னோட்டத்தை இழுத்து அதே வெளிச்சத்தைக் காட்டும். விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும். இணைப்பு மேலும் சூடாகும். குறை கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான் இதில் மிகவும் அஞ்ச வேண்டியது.

ஆகவே பேட்டரியிலிருந்து தனிப் பாதை வேண்டும். பாசிட்டிவ் முனையிலிருந்து கிளம்பும் வயரில், பேட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் பியூஸ் இருக்க வேண்டும். பியூஸ் காப்பது விளக்கை அல்ல, வயரை. பேட்டரிக்கும் பியூஸுக்கும் இடைப்பட்ட வயர் உரசிச் சேஸிஸைத் தொட்டால் அதைத் தடுக்க எதுவும் இல்லை. நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து சில நொடிகளில் வயர் தீப்பிடிக்கும். மேலே சொன்ன சுமைக்கு லாரியில் 10 ஆம்பியர் பியூஸும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும், 12 வோல்ட் வண்டியில் 20 ஆம்பியர் பியூஸும் 4 சதுர மில்லிமீட்டர் வயரும் பொருந்தும். பியூஸ் போகிறதே என்று 30 ஆம்பியர் பியூஸையோ கம்பித் துண்டையோ செருகுவது தீயை அழைப்பதுதான். பியூஸ் போனால் காரணத்தைத் தேட வேண்டும்.

பியூஸுக்கு அடுத்தது ரிலே. அதன் 30ஆம் முனைக்குப் பேட்டரி மின்சாரம், 87இலிருந்து விளக்குகளுக்கு, 85, 86 இரண்டும் கேபின் சுவிட்சுக்கு உரியவை. சுவிட்ச் வழியாக ரிலேயை இயக்கும் சிறு மின்னோட்டம் மட்டுமே போகும். 24 வோல்ட் வண்டிக்கு 24 வோல்ட் ரிலேயே வேண்டும். சுவிட்சுக்கான மின்சாரத்தைச் சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் வயரிலிருந்து எடுத்தால், இறங்குதளத்தில் காத்து நிற்கும்போது பேட்டரி இறங்காது. ஒவ்வொரு விளக்குக்கும் தனிக் கிளை, தனிச் சிறு பியூஸ் இருந்தால் ஒன்று பழுதாகும்போது நடுப் பாலத்தில் எல்லா விளக்கும் அணையாது.

லாரிகளில் நடக்கும் இன்னொரு தவறு, 12 வோல்ட் விளக்கை வாங்கி, தொடராக இணைந்த இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் எடுப்பது. ஒரு பேட்டரி சரியாகச் சார்ஜ் ஏறாமலும் மற்றது அளவுக்கு மீறி ஏறியும் இரண்டும் கெடும். 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் விளக்கை வாங்கினால் இந்தச் சிக்கலே இல்லை.

எர்த்தை அருகிலுள்ள துருப்பிடித்த போல்ட்டில் மாட்டுவது இங்கே செல்லாது. அதே பருமனுள்ள நெகட்டிவ் வயரை இழுத்து வருவது நல்லது. ஈயம் பூசிய செம்பு வயர், கிரிம்ப் செய்த லக், அதன் மேல் உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் டியூப் ஆகியவை உப்பைத் தாங்கும். தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் தேவை. வீட்டு வயரிங்குக்கான வயரை இன்ஜின் பக்கம் கொண்டுபோகக் கூடாது. விளக்கில் மிச்சம் பிடிக்கலாம். வயரிலும் இணைப்பிலும் பிடிக்கக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வண்டிக்கு ஓட்டம் குறையும். இணைப்புகளைப் பிரித்துப் பார்க்க அதைவிட ஏற்ற காலம் இல்லை.

வயரிங் ஒழுங்காக இருந்தாலும் எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு ஓட முடியாது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி, முன் விளக்கின் ஒளி நிரந்தரமாகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும் என்கிறது. விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், வலப்புறம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணை அது கூசச் செய்யக் கூடாது. இந்தச் சோதனையைச் செய்ய ஒரு நாடாவும் இருட்டும் போதும். 108ஆம் விதி முன்னால் சிவப்பு விளக்கைத் தடுக்கிறது. ரிவர்ஸ் விளக்கு, எண் பலகை விளக்கு போன்ற சில தவிரப் பின்னால் சிவப்பு அல்லாத ஒளியையும் தடுக்கிறது. எனவே சரக்கு ஏற்றும் விளக்கு வண்டி நிற்கும்போது மட்டுமே எரிய வேண்டும். முன்புறம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் போட 111ஆம் விதியின்படி பதிவு அதிகாரியின் ஒப்புதல் தேவை. அதுவும் விதிவிலக்கான சூழ்நிலைகளில்தான் கிடைக்கும். கேபின் மேல் வரிசையாகப் போடும் போகஸ் விளக்குகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சிக்குகின்றன. 1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டிகள் எதிரெதிரே அருகருகே கடக்கின்றன, ஒதுங்க இடமில்லை. அங்கே கண் கூசும் இரு சக்கர வண்டிக்காரருக்கு ஒரு நொடிகூடப் பெரிய ஆபத்து.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ(4) பிரிவு, அனுமதியற்ற மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. இந்தப் பொறுப்பு உரிமையாளருடையது. சம்பளத்துக்கு ஓட்டுபவர் தலையில் அந்த அபராதத்தைக் கட்டுவது நியாயமல்ல. மீன் ஏற்றிக் கேரளத்துக்குப் போகும் வண்டிகள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அங்கே அனுமதியற்ற விளக்குகள் மீது உயர் நீதிமன்றமே கண்டிப்பு காட்டியிருக்கிறது.

விளக்கோ வயரிங் வேலையோ குறைபாடாக இருந்து வண்டிக்குச் சேதம் வந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உதவும். வணிகத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று கடைக்காரர் வாதிடலாம். ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக வண்டி ஓட்டுபவரைச் சட்டமே நுகர்வோராக ஏற்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தீராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை. பில், உத்தரவாதச் சீட்டு, வேலை செய்தபோதும் எரிந்த பின்னும் எடுத்த படங்கள், கருகிய வயர்த் துண்டு ஆகியவையே சாட்சி. எரிந்த வயரை அவசரத்தில் மாற்றித் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

காப்பீட்டு நிறுவனம் அனுமதியற்ற மாற்றத்தைக் காரணம் காட்டிச் சொந்தச் சேத இழப்பீட்டை மறுக்கக்கூடும். விளக்குகளைப் பொருத்தியதும் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்கி வைப்பது இதற்கு முன்காப்பு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். நிறுவனத்திடம் முறையிட்டும் தீராதபோது, தனிநபரும் சிறு தொழில் நடத்துபவரும் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் புகார் கொடுக்கலாம். அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை.